கோவிந்தா அக்காவும் கேன்டீன் நாற்காலியும்

ரேணிகுண்டா ரோட்டில் ஜெனரேட்டரையே தோற்கடிக்கும் குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் ஃபாக்டரியில், கோவிந்தா அக்காவின் தொண்டையில் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற ஏஜென்சிக்கு மட்டுமே தெரியும்.

பெட்டியைத் தூக்கினால் "கோவிந்தா!", இறக்கினால் "கோவிந்தா!" மலையடிவாரத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கோவிந்தா என்றால் பதிலுக்கு கோவிந்தா போடாமல் வாய் சும்மா இருக்காது. வாட்ச்மேன் தூக்கத்திலேயே போடுவார்.

பர்மனென்ட் ஆட்களும் ஏஜென்சி ஆட்களும் ஒரே பெல்ட்டில், ஒரே செல்போன் சார்ஜரைத்தான் பேக் செய்வோம். சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் அவர்கள் கேன்டீனில் ஃபேனுக்குக் கீழே, நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டில். ஒருநாள் அடைமழை. தகரக் கூரையின் ஓட்டை வழியாக என் புளிச்சோற்றில் தண்ணீர் கொட்டியது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, சோறு துன்றியா, கஞ்சி குடிக்கிறியா? எழுந்து வா!"

டப்பாவோடு நேரே கேன்டீனுக்குள் நுழைந்தார். நாங்கள் பின்னால் வாசலோடு நின்றுவிட்டோம். மேனேஜர் மறித்தார்.

"ஏமம்மா, ஏஜென்சி ஆளுங்க இங்க வரக்கூடாது. உங்க ஏஜென்சிகிட்ட சொல்லிக்கோ."

"மழ பெஞ்சிக்கினு கீது சார். அத்த ஏஜென்சியா அனுப்புச்சி?"

ஏஜென்சி சூப்பர்வைசர் ஓடிவந்தார். "கார்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு!"

நகரியில் அக்கா வீட்டுப் பவர்லூம் நின்றுபோய், இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அக்கா கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"துன்னுட்டுப் போறேன்" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்காரும்போது வழக்கம்போல, "கோவிந்தா!"

"கோவிந்தா!" என்றது கேன்டீன் முழுக்க. கரண்டியோடு சமையல்காரர், சூப்பர்வைசர், எல்லோரையும்விட உரக்க மேனேஜர்! சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். ஒரே சிரிப்பு. பர்மனென்ட் பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, "ரண்டம்மா, வந்து உக்காருங்க" என்று எங்களை அழைத்தார்கள்.

மேனேஜர் சமாளித்தார். "மலை மேலயே ஸ்பெஷல் தரிசனம் வேற, தர்ம தரிசனம் வேறதானே?"

"வரிசைதான் சார் வேற. லட்டு ஒன்னுதானே?"

மேனேஜர் கார்டை எடுத்து அக்கா பக்கமாகத் தள்ளினார். "சரி, துன்னு" என்றார். ஒப்பந்த ஆட்களுக்கும் கேன்டீன் உண்டு என்று சட்டமே இருக்கிறதாம். எங்களுக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது.

சில மாதத்தில் ஏஜென்சி அக்காவைச் சித்தூர் பக்கத்து ஃபாக்டரிக்கு மாற்றியது. தண்டனையாம்! அங்கே இருக்கிற மேனேஜரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

போன வாரம் புதிதாக வந்த ஏஜென்சிப் பெண் ஒருத்தி, கேன்டீன் வாசலில் டப்பாவோடு தயங்கி நின்றாள். "நாம இங்க உக்காரலாமாக்கா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா நமக்கு வாங்கிக் குடுத்த எடம்டி. நல்லா சாய்ஞ்சி உக்காரு" என்றேன். பெருமையில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.