முள்ளு டீச்சரும் கழல மறுத்த சென்சாரும்

போடிநாயக்கனூரில் யாருக்கும் பணியாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் போடிமெட்டு மலைக்கே நிபந்தனை போட்டு ஏறியவர் எங்கள் முள்ளு டீச்சர் ஒருவர்தான். அரசாங்கம் போட்ட ரோடு, ஆண்டவன் போட்ட மலை, இரண்டும் அவர் சௌகரியத்துக்குக் காத்திருக்கும்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னையும் சேர்த்துப் பாதி ஊருக்குப் பிரம்பாலேயே பெருக்கல் வாய்ப்பாடு ஏற்றியவர். மெட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் தன்னுடைய பழைய டீசல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். துணைக்கு அடுத்த வீட்டுக்காரனான நான். என் பதவி, வண்டி நிற்கும்போது சக்கரத்துக்குக் கல் போடுவது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது.

வண்டி எங்கே நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். பாதி மலையில், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் ஒரு வளைவு வந்ததும், "முள்ளு ஏறிருச்சு, எறங்கு" என்பார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள். நான் கல்லைப் போடுவேன், அவர் பானெட்டைத் திறந்து வைப்பார். பிறகு இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பார். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்புக்காரர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தால், வாங்கித் தன் முகத்தைக் கழுவிக்கொள்வார். மீதி இருந்தால்தான் ரேடியேட்டருக்கு. ஊரே அவருக்கு முள்ளு டீச்சர் என்று பெயர் வைத்தது இப்படித்தான்.

இந்த ராஜ்ஜியம் ஒருநாள் கவிழப் பார்த்தது. சென்னையிலிருந்து லீவில் வந்த மகன், தோட்டத்துக்கு நானே ஓட்டுகிறேன் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அதுவரை அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அடிவாரத்திலிருந்து மெட்டு வரை முள் அடிமட்டத்தில் படுத்தே கிடந்தது. சூடு காட்டாத வண்டியை வைத்துக்கொண்டு மலை ஏறுவது தற்கொலை, இதை விற்றுவிட வேண்டியதுதான், இனிமேல் வாடகைக் கார் வரும், டிரைவர் நேராகக் கொண்டுபோய் விட்டு நேராகக் கூட்டி வருவார் என்று தீர்ப்புச் சொன்னார்.

டீச்சர் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குக் கிளம்புவதற்குள் முள்ளை வேலை செய்ய வைக்கிறேன், இல்லையென்றால் வண்டியை நீயே தள்ளிக்கொண்டு போ என்று சவால் விட்டார்.

தேவாரம் ரோட்டில் கருப்பையா மெக்கானிக்கின் ஷெட்டுக்கு வண்டி போனது. கோளாறு சின்னதுதான். இன்ஜின் தலையில் திருகுமறை போட்டு முடுக்கியிருக்கும், விரல் பருமன்கூட இல்லாத வெப்ப சென்சார் போய்விட்டது. கழற்றிப் புதிதை மாட்டினால் சோலி முடிந்தது. ஆனால் கழற்ற விட்டால்தானே? துரு பிடித்து இன்ஜினோடு ஒன்றாகிக் கிடந்தது. ஸ்பேனர் வழுக்கியது. பலம் கொடுத்தால் சென்சார் ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். அப்புறம் இன்ஜின் தலையையே இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கனவாகிவிடும்.

கருப்பையா சுத்தியலை எடுத்தார். டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"அடிச்சு எதுவும் வெளிய வராது கருப்பையா. நான் அடிச்சுப் பாத்தவ."

அவர் பிரம்பு தந்த என் முழங்கைத் தழும்பு கிளம்பி வந்து கை தட்டாததுதான் பாக்கி.

டீ குடிக்க ஒதுங்கிய ஜீப்பு டிரைவர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். ஒரு வயரை மாற்றிக் கொடுத்தால் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும், மகன் கண்ணுக்கு அது போதும் என்றார். கருப்பையாவுக்கே சபலம் தட்டியது. டீச்சர் அந்த டிரைவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதி டீயோடு ஜீப்பு ஏறினார்.

"முள்ளு பொய் சொல்லக் கூடாது" என்றார் டீச்சர்.

பிறகு ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கருப்பையா துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெய் விட்டார். இப்படியே வெள்ளி போய்விட்டது. சனிக்கிழமை மதியம், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கழற்றுவதற்குப் பதில் ஒரு மயிரிழை முடுக்கினார். முடுக்கினால்தான் துருவின் பிடி விடுமாம். டக்கென்று ஒரு சத்தம். ஒடிந்ததா, இளகியதா என்று தெரியாமல் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கருப்பையா மெதுவாகத் திருப்பினார். கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி கொஞ்சம் வெளியே. முழுசாக வந்தது சென்சார், பின்னாலேயே மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீரும். எந்தக் காலத்திலோ ரேடியேட்டர் ஒழுகியபோது ஓட்டையை அடைக்க டீச்சர் கொட்டிய மஞ்சள் தூள்.

கருப்பையா சென்சாரைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது நேத்துப் போனதில்ல. செத்துப் பல வருசமாச்சே."

நான் டீச்சரைப் பார்த்தேன். எத்தனை சனிக்கிழமை, எத்தனை கல்.

"அப்ப முள்ளு ஏறிருச்சுன்னு சொன்னதெல்லாம்?"

"நான்தான் பொய் சொன்னேன். முள்ளா சொல்லுச்சு?" என்று சொல்லிவிட்டுப் புது சென்சாரைப் பிரித்துக் கருப்பையாவிடம் நீட்டினார்.

ஞாயிறு காலை டீச்சர் ஓட்ட, மகன் பக்கத்து சீட்டில், நான் பின்சீட்டில். முள் சமர்த்தாக நடுவுக்கு வந்தது. வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்த மகனுக்கு ஒரே திருப்தி. வண்டி தங்கமாக இருக்கிறது, விற்க வேண்டாம், இனி எங்கேயும் நிறுத்தாமலே போய்விடலாம் என்றார். டீச்சர் வண்டியை மீட்டுவிட்டார், நிறுத்தும் உரிமையைத் தொலைத்துவிட்டாரே.

அந்த வளைவு வந்தது. டீச்சர் ஓரம் கட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, முள்ளு நடுவுலதான நிக்குது?"

"நிக்கட்டும் அப்பு. முள்ளு ஏறிருச்சுன்னு எறங்கி நின்னா ஒருத்தரும் எதுக்குன்னு கேக்க மாட்டாக. எனக்கு நிக்கணும்னு தோணுதுன்னா ஆளாளுக்குக் காரணம் கேப்பீக. அதுக்குத்தான் அந்தப் பொய்யி. இன்னைக்குச் சொல்றேன், கேட்டுக்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்கு நிக்கணும்."

பானெட்டைத் திறக்காமல் போய் நின்றார். கீழே சிலமலை ஊர்ப்பக்கத்து வயல்கள் வெயிலில் பச்சையாக விரிந்து கிடந்தன. மகன் முள்ளை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

டீச்சர் இன்றைக்கும் ஓட்டுகிறார், இஷ்டப்பட்ட இடத்தில் எல்லாம் நிறுத்துகிறார். இதைப் படித்தால் வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டுவார். திட்டட்டும். அந்தக் குரல் கேட்காத நாளில் எனக்கு ஒரு வரிகூட எழுத ஓடுவதில்லை.