கடகத்துக்குள் நங்கூரம்

அடைக்கோழிக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் முள்ளியவளையில், எங்கள் வளவின் பின்பக்கத்துக் கொட்டிலில் இருந்தார். வேறு யாராவது அப்படிச் செய்ததாக நிரூபித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊரே சம்மாட்டியார் என்றுதான் கூப்பிட்டது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை நடத்தியவர் என்பதால் வந்த பட்டம் அது. சண்டையால் கரையில் இருக்க முடியாது என்றானதும் வள்ளத்தை மணலில் விட்டுவிட்டு, மனைவி திரேசம்மாவையும் ஒரு சின்ன நங்கூரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்கள் அண்ணன் வயல்வேலைக்குக் கூப்பிட்டபோது, "சேத்துக்குள்ள நிண்டு எனக்குப் பழக்கமில்லை. தண்ணியெண்டால் மிதக்கவேணும்" என்று சொல்லி மறுத்துவிட்டார்.

நான் அப்போது சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்தால், சம்மாட்டியார் சாரத்து மடியில் எதையோ தாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"பிள்ளை, உம்மட புள்ளிக்கோழி அடைக்குக் கிடக்காம். ஒருக்கால் தாரும்."

"ஏன் சம்மாட்டியார்?"

"தாரா முட்டை வைச்சுப் பாப்பம். வள்ளம் இல்லாட்டிலும் மிதக்கிற சாமான் ஒண்டு கையில இருக்கவேணுமெல்லே."

தாரா என்றால் வாத்து. எங்கள் பக்கத்துத் தாராக்கள் முட்டையைப் போட்டுவிட்டுத் தம்பாட்டில் போய்விடும்; அடைகாக்கும் வேலை கோழியின் தலையில்தான் விழும். பனையோலைப் பெட்டியான கடகத்தில் வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கினோம். இடிமுழக்கத்தில் முட்டை கூழாகாமல் இருக்க ஒரு இரும்புத்துண்டும் வைப்பது வழக்கம். நான் ஓர் ஆணியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இடிக்குக் காணும். பொம்மருக்குக் காணுமோ?"

எனக்கென்ன தெரியும்? குண்டு போட வரும் பொம்மருக்கு எவ்வளவு இரும்பு போதும் என்று கோழி வளர்த்த யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர் கொட்டிலுக்குப் போய் நங்கூரத்தைத் தூக்கிவந்து கடகத்துக்குள் இறக்கினார். புள்ளிக்கோழி அதை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு தொடங்கியது கேள்விக் காலம். முட்டையைக் காதில் வைத்துக் கேட்பார். வெயிலில் பிடித்துப் பார்ப்பார். என்னைக் கண்டால் விடமாட்டார்.

"பிள்ளை, கோழிக்குத் தெரியுமோ, இது தன்ர முட்டை இல்லையெண்டு?"

"அது கோழியைத்தான் கேக்கவேணும்."

"உள்ளுக்குக் கிடக்கிறவருக்குத் தான் தாரா எண்டு தெரியுமோ?"

விசர்க்கதை என்று முதலில் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வி எனக்கும் தொற்றிவிட்டது. ஒருநாள் அதையே யோசித்துக்கொண்டு மண்ணெண்ணெய் வார்த்ததில் போத்தல் நிறைந்து வழிந்தது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

தாரா முட்டை பொரிக்கக் கோழி முட்டையைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். கோழிக்குப் பொறுமை போய், எழும்பி எழும்பி நடக்கத் தொடங்கியது. சம்மாட்டியார் பக்கத்தில் குந்தியிருந்து குறுணலைக் கையில் வைத்துத் தீத்தி, கெஞ்சிக் கூத்தாடி, திரும்ப உட்காரவைத்தார். வள்ளத்தை இழந்து வந்தவருக்கு அந்த முட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொரித்தன. மஞ்சள் மஞ்சளாய், தட்டைச் சொண்டோடு. புள்ளிக்கோழி கொஞ்சமும் சந்தேகப்படாமல் கூட்டிக்கொண்டு திரிந்தது.

அடுத்த நாளே சம்மாட்டியார் செய்தது, கரையில் வளர்ந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. புது வள்ளம் கட்டி முடித்தால் என்ன செய்வார்கள்? மந்திரித்துத் தண்ணீரில் இறக்குவார்கள். குளக்கரையில் செபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். வந்தவர்களுக்குப் பனங்கட்டி கொடுத்தார். பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

சின்னத் தூரம் நீந்தின. பிறகு இறகு நனைந்து, பாரம் ஏறி, ஒவ்வொன்றாய்த் தாழத் தொடங்கின. கரையில் கோழி கதற, சம்மாட்டியார் "அணியத்தைப் பிடி, அணியத்தைப் பிடி" என்று, வள்ளத்தின் முன்பக்கத்தைப் பிடிக்கச் சொல்வதுபோல் யாருக்கோ கட்டளையிட்டபடி முழங்கால் தண்ணீருக்குள் பாய்ந்தார். பிடிக்க யாரும் இல்லை. தானே சாரத்தில் அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஓட்டை ஒண்டும் இல்லை. எண்ணெய் காணாது, அதுதான் தண்ணி ஊறுது" என்று, சுறா எண்ணெய்ப் போத்தலை எடுக்க ஓடினார். சொன்னது சரிதான். தாய்த்தாராவின் இறகில் உரசினால்தான் குஞ்சுக்கு எண்ணெய்ப் பிடிப்பு வரும். கோழியிடம் அது ஏது? ஆனால் சுறா எண்ணெயைத் திரேசம்மா பறித்துக்கொண்டா.

"இதைப் பூசினால் ஊரில உள்ள பூனையெல்லாம் இஞ்சதான் நிக்கும்."

எங்கள் வீட்டில் அன்று நெல் அவித்துப் பாயில் கொட்டியிருந்தோம். அந்தச் சூட்டின் ஓரத்தில் துணி விரித்துக் குஞ்சுகளைக் கிடத்தினோம். ஒன்று மட்டும் அசையவில்லை. சம்மாட்டியார் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு இருந்தார். அது தும்மியபோது அவர் அழுதார். நானும் அழுதேன், நெல் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மெய்யான இறகு முளைத்த பிறகு இரண்டாம் முறை இறக்கினார். செபமும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. தாராக்கள் குளத்தின் நடுவுக்கே போய்விட்டன. புள்ளிக்கோழி கரையில் மேலும் கீழுமாய் ஓடிக் கத்தியது. சம்மாட்டியார் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கோழியையே பார்த்துவிட்டு, திரேசம்மாவிடம் திரும்பினார்.

"நான் கடலுக்குப் போகேக்க நீயும் இப்பிடித்தானோ நிண்டனீ?"

"ஓம். கத்தாமல் நிண்டனான்" என்றா அவா.

அவர் கேட்ட கேள்விகளில் பதில் கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து, தாராக்கள் குளத்தில் இருக்கும்வரை அவர் கரையில் குந்தியிருப்பார், கோழிக்குப் பக்கத்தில்.

"வந்திடுவினம், பயப்பிடாதை" என்று அதற்குச் சொல்வார். கடல் திரும்பக் கிடைத்து அவர் கரைக்கே திரும்பிப் போன பிறகு, குளத்தடியால் சைக்கிளில் போகும்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும்.