பிளான் சார் எழுதிய பழைய சிஸ்டம்

வேங்கிக்கால் ஆபீசை விட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் பிளான் சார் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏழுமலை, ஒரு சந்தேகம். மாடிப்படி ஏறும்போது எந்தக் கால முதல்ல வப்பீங்க?"

வேலை போனவனைத் துரத்தி வந்து இப்படிக் கேட்கக்கூடியவர் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான்.

"வலது கால், சார்."

நடந்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. டீ குடிக்கக்கூட பிளான் போடுவார். இந்தக் கடை மூடியிருந்தால் அந்தக் கடை, அதுவும் மூடியிருந்தால் தண்ணீர். மூன்றையும் எழுதிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

எங்களுடையது மோட்டார் பம்பு விற்கும் கம்பெனி. ஏழு கிளைகள். எல்லா மெயிலும் தலைமை ஆபீசின் ஒரே முகவரிக்கு வரும். கீழே ஒரு அம்மா அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். யாருக்கு எது என்று பார்த்து மூன்று மாடிக்கும் கொண்டு போவது என் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று சுற்றி வந்தவனுக்குத் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிய முதல் வேலை அது.

வந்த மெயில் தானாகவே உரியவர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்படி சர்வர்களில் ஒரு சாப்ட்வேர் போட முதலாளி முடிவு செய்தார். அதற்குப் பிளான் எழுத பிளான் சாருக்கு இரண்டு மாதம் கொடுத்தார்.

முதல் பக்கத்தில் அவர் எழுதியது இதுதான்: 'தற்போதைய சிஸ்டம்: ஏழுமலை.'

மறுநாளிலிருந்து நோட்டோடு என் பின்னாலேயே வந்தார்.

"இந்தப் புகார் மெயில ஏன் அடியில வச்சீங்க?"

"மேனேஜர் இன்னும் டிபன் சாப்பிடல சார். இப்ப குடுத்தா கத்துவாரு."

"சாப்பிட்டாருன்னு எப்படித் தெரியும்?"

"ஏப்பம் கேக்கும்."

ஏப்பம் என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

சாப்ட்வேரைப் போடும் நாளுக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் ஆனது. எந்த சர்வரில் முதலில் போடுவது, கரண்ட் போனால் என்ன, குரங்கு கேபிளைப் பிடுங்கினால் என்ன, எல்லாம் இருந்தது. பௌர்ணமி நாட்களைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். கிரிவலக் கூட்டத்தில் சென்னை இன்ஜினியர் வண்டி உள்ளே வராது.

அந்த இன்ஜினியர் ஒருநாள் வந்து பிளானைப் புரட்டினார். சின்ன வயசுக்காரர்.

"சார், மேனேஜர் சாப்பிட்டாரா இல்லையான்னு சாப்ட்வேருக்கு எப்படி சார் தெரியும்?"

"ஏழுமலைக்குத் தெரியுதே" என்றார் பிளான் சார், சிரிக்காமல். "பழசு செய்யற வேலைய புதுசும் செய்யணும் இல்லீங்களா?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் எட்டு மாதமானது. பிளான் நூற்று நாற்பது பக்கத்தைத் தாண்டியது. முதலாளி பொறுமை இழந்தார். "யோவ், நீ ராமாயணம் எழுதினது போதும்" என்று நோட்டைத் தள்ளிவிட்டு இன்ஜினியரை நேராக சர்வர் ரூமுக்கு அனுப்பினார். திங்கள் காலையில் தொடங்கிய வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. மெயில்கள் சத்தமில்லாமல் மாடி ஏறின. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் தப்பில்லை. தூக்கிப் போக ஒரு தாள்கூட இல்லை.

ரோட்டில் நின்று பிளான் சாரைக் கேட்டேன். "அர நாள்ல முடிஞ்சிடுச்சே சார். நீங்க எட்டு மாசம் இன்னாத்த எழுதினீங்க?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பிளான் முடிஞ்சா நீங்க போவணும். அது எனக்கு மொத நாளே தெரியும்ங்க."

ஒரு டவுன் பஸ் எங்களைக் கடந்து போனது. இருவரும் கை காட்டவில்லை.

அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "நாளைக்கு எங்க போறீங்க?"

"தெரியல சார்."

"சரி, எடம் விட்டு வைக்கறேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கச் சேர்ந்தேன். அதற்குமுன் எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன். அடுத்து எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கோணி ஊசியைக் கையில் வாங்கியதும், முதல் மூட்டையைத் தொடுவதற்கு முன் அவருக்குப் போன் செய்தேன்.

"இருங்க ஏழுமலை, பேனா எடுத்துக்கறேன்" என்றார்.

மண்டிக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார். நான் இருந்தேன்.