துண்டுகளுக்கு ஒரு மாலை வண்டி

ஒரு காட்டில் ஒரு யானை பேருந்தாக இருந்தது.

அதன் முதுகின் இரண்டு பக்கமும் பலகை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவைதான் இருக்கைகள். காதோரம் மைனா பொங்கியண்ணன் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நடத்துநர். ஒரு விசிலுக்கு யானை நிற்கும், இரண்டு விசிலுக்கு நகரும். மூங்கிலைக் கண்டால் விசில் இல்லாமலும் நிற்கும். அந்த வண்டிக்குப் புகை கிடையாது. சாணம் உண்டு, அதை வண்டுகள் அன்றன்றைக்கே உருட்டிக்கொண்டு போய்விடும். சுற்றுச்சூழலுக்கு உகந்த சேவை என்று யானையின் பின்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் நடந்து வருகிறவர்கள் படித்துக்கொண்டே வரலாம்.

காலையில் பள்ளக்காட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு ஒரு நடை. மாலையில் ஆற்றங்கரையிலிருந்து பள்ளக்காட்டுக்கு ஒரு நடை. பள்ளக்காட்டில் குடியிருந்தவை எல்லாம் சின்ன உருப்படிகள். முயல், கீரி, சருகுமான், அணில். ஆற்றங்கரையில் கரடி ஒருவர் தேன் மண்டி வைத்திருந்தார். பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு.

சருகுமான் பாவாத்தாள் அந்த மண்டியில் தேனடை பிழிந்துகொண்டிருந்தாள். புருஷன் இல்லை. இரண்டு குட்டிகளை வேர்ப்பொந்தில் விட்டு, வாசலைச் சருகால் மூடிவிட்டு வேலைக்கு வருவாள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் குட்டிகள் சருகை விலக்கிக்கொண்டு அம்மாவைத் தேடி வெளியே வந்துவிடும். அந்தக் காட்டில் இருட்டிய பிறகு வெளியே வந்த குட்டிகள் திரும்பி உள்ளே போனதாகச் செய்தி இல்லை.

இப்படி இருக்கையில் மாலை நடையை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவர் கிளை மேலாளர் கருமந்தி. மலைமேல் ஓர் அத்தி மரத்தின் உச்சிக் கிளையில் அவருடைய அலுவலகம். பிறந்ததிலிருந்து அவர் தரையில் நடந்தவர் அல்லர். வேலை முடிந்ததும் மரம் விட்டு மரம் தாவி வீட்டுக்குப் போய்விடுவார். பேருந்து எதற்கு என்பதே அவருக்கு நெடுநாள் விளங்காத விஷயம். பள்ளக்காட்டு மாலை நடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று எழுதி, யானையை அந்த நேரத்துக்கு மேல்காட்டுக் குளுகுளு சேவைக்கு மாற்றினார். யானை துதிக்கையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வழியெல்லாம் தெளித்தபடி போகும். போக்குவரத்துக் கழகத் தலைவர் சிறுத்தையின் உறவினர்கள் அதில் ஏறிப் போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பள்ளக்காட்டார் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று யாரோ கேட்டதற்கு, நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது என்று தலைவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். நடக்கிறவர்களுடைய உடல்நலத்தில் அவருக்கு எப்போதுமே அக்கறை உண்டு.

ஆற்றங்கரையிலிருந்து பள்ளக்காட்டுக்கு உண்ணிச்செடிப் புதருக்கு நடுவில் ஒரே ஓர் ஒற்றையடிப் பாதை. தலைவர் மாலையில் காற்று வாங்க வருவது அங்கேதான். முதலில் முயல் குழந்தைவேலின் மச்சான் வீடு வந்து சேரவில்லை. மச்சானைத் தேடிப் போன குழந்தைவேலும் வந்து சேரவில்லை. அதற்குப் பிறகுதான் பள்ளக்காட்டில் பயணிகள் நலச் சங்கம் ஆரம்பித்தார்கள்.

முள்ளம்பன்றி சென்னியப்பன் சங்கத் தலைவரானார். போட்டி இல்லை. அவர் பக்கத்தில் நின்று போட்டியிட யாருக்கும் தோதுப்படவில்லை. நல்ல பேச்சாளர். நியாயம் என்று சொல்லும்போதெல்லாம் முதுகில் முள் சிலிர்த்துக்கொள்ளும், முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருவார்கள். முதல் கூட்டத்தில் சங்கத்துக்கு ஒரு ஜமுக்காளம் வாங்கினார்கள். இரண்டாம் கூட்டத்தில் அந்த ஜமுக்காளத்தை யார் வீட்டில் வைப்பது என்று பேசினார்கள். மூன்றாம் கூட்டத்தில் பாவாத்தாள், வண்டியைப் பற்றி எப்போது பேசுவீர்கள் என்று கேட்டுவிட்டாள். மறுநாளே எல்லோரும் மலையேறினார்கள்.

மந்தி மிகவும் மரியாதையாகப் பேசினார். மேலே இருந்தே பேசினார். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது.

"வண்டி விடறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா பயணிகள் இருக்காங்களான்னு பார்க்கணும் இல்லையா?"

"நாங்கதானுங்க பயணிகள்," என்றார் சென்னியப்பன்.

"நீங்க மனுதாரர்கள்," என்றார் மந்தி.

கடைசியில் ஓர் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆற்றங்கரை நிறுத்தத்துக்கு ஓர் ஆய்வாளர் வருவார். அங்கே வண்டிக்குக் காத்திருப்பவர்கள் இருந்தால் வண்டி உண்டு. இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

பள்ளக்காட்டாருக்கு இது பெரிய வெற்றி. கூட்டமா இல்லை அவர்களிடம்? வெள்ளிக்கிழமை மத்தியானமே மண்டியில் பாதிநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வழக்கம்போல இடம் பிடித்தார்கள். அதாவது, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகைக் கல்லின்மேல் விரித்தார்கள். அந்தக் காட்டில் துண்டு விழுந்த இடம் போட்டவருடைய இடம். யானை வந்து மண்டியிடும்போது கீழே இருந்தபடியே பலகையைப் பார்த்துத் துண்டை வீசுவார்கள். துண்டு முதலில் ஏறும், ஆள் பிறகு நிதானமாக ஏறுவார். அப்பனும் பிள்ளையும் முறைத்துக்கொண்டிருந்தாலும் ஒருவர் துண்டின்மேல் ஒருவர் உட்கார்ந்ததில்லை. வராதவர்களுக்காக அவர்களுடைய துண்டையும் சிலர் கொண்டுவந்திருந்தார்கள். கல் போதாமல் தரையிலும் விரித்தார்கள். கோடு போட்ட துண்டு, கட்டம் போட்ட துண்டு, பச்சைக்கரைத் துண்டு என்று வரிசை ஆற்றுமணல் வரைக்கும் நீண்டது.

துண்டு போட்டாயிற்று. இனி அங்கே என்ன வேலை? முழக்கங்களை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று சென்னியப்பன் எல்லோரையும் கரடி மண்டியை ஒட்டி வைத்திருந்த கடைக்குக் கடுங்காப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

விடுப்புக் கிடைக்காத பாவாத்தாள் கை கழுவிக்கொண்டு ஓடிவந்தபோது நிறுத்தத்தில் நாரை ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் ஆய்வாளர். மேல்காட்டுச் சதுப்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அங்கே கூட்டமும் கிடையாது, துண்டும் கிடையாது.

"ஏம்மா, இங்கே பயணிகள்னு யாரும் இல்லையே," என்றார்.

"அப்படி எழுதிப்போடாதீங்க சாமி. எல்லாரும் இருக்கறாங்க. இதா துண்டு இருக்குதுங்களே. துண்டு இருந்தா ஆள் இருக்கற மாதிரிதானுங்க."

"இந்தத் துண்டுகளா வண்டியில ஏறும்?"

"இதுகதானுங்க முதல்ல ஏறும்."

"இது உட்கார்ந்த இடத்துல வேற யாராவது உட்காரலாமா?"

"அதெப்படிங்க உட்காருவாங்க? அடிதடி ஆயிப்போகும்."

நாரை காலை மாற்றி நின்று யோசித்தார். நிழற்கூரை, குடிதண்ணீர் முதலிய வசதிகளை இவர்கள் எதிர்பார்க்கிறார்களா என்று விசாரித்தார். கேள்வி யாரைப் பற்றியது என்று பாவாத்தாளுக்குப் புரியவில்லை. அதெல்லாம் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வண்டி ஒன்று வந்தால் போதும் என்றாள். இவ்வளவு நல்ல பயணிகளை என் சேவையில் பார்த்ததில்லை என்று நாரை மனதாரச் சொன்னார். பாவாத்தாளும் தன்னுடைய சின்ன ஈரிழைத் துண்டை வரிசையின் கடைசியில் விரித்தாள்.

அடுத்த வாரமே தலைவர் சிறுத்தையின் கையெழுத்தோடு உத்தரவு வந்துவிட்டது. ஆற்றங்கரையில் காத்திருக்கும் துண்டுகளின் நலன் கருதி மாலை வண்டி மீண்டும் இயக்கப்படும் என்று இருந்தது. துண்டுகளின் என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை. சென்னியப்பனுக்கு மாலை போட முயன்று கீரி கையைக் குத்திக்கொண்டது.

அன்று மாலை யானை வந்து மண்டியிட்டது. துண்டுகள் பறந்து போய்ப் பலகையில் விழுந்தன. ஆட்கள் ஏறப் போனார்கள். பொங்கியண்ணன் இறக்கையை விரித்துத் தடுத்தார்.

"வண்டி ஃபுல்லு. இறங்குங்க."

"ஏனுங்ணா, அது என்ற துண்டுங்க," என்றாள் பாவாத்தாள்.

"துண்டு உன்றதா இருக்கலாம் அம்மிணி. சீட்டு துண்டோடது. உத்தரவு அப்படித்தான் இருக்குது."

இரண்டு விசில் கொடுத்தார். யானை துண்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் யாரும் துண்டு வீசவில்லை. பயணிகள் இல்லை என்று யானை நிற்காமலே போய்விட்டது. வண்டியே நின்றுபோய்விடக் கூடாதே என்று அதற்கு அடுத்த நாள் மறுபடி வீசினார்கள். துண்டுகள் தினமும் பத்திரமாகப் பள்ளக்காட்டுக்கு வந்து சேர்ந்தன. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தால் எடுத்துக்கொண்டார்கள். சேராதவர்களின் துண்டுகளைச் சங்கம் மடித்து வைத்தது.

ஒருநாள் பாவாத்தாள் பாதி வழியில் சிறுத்தைத் தலைவரின் இருமலைக் கேட்டு, புதருக்குள் மூச்சை அடக்கிப் பதுங்கிக் கிடந்துவிட்டுத் தாமதமாக வந்தாள். அவளுடைய துண்டு முன்பே வந்திருந்தது. குட்டிகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று பாதையின் வாய்வரைக்கும் தேடிக்கொண்டு வந்து நின்றன. இரண்டையும் கழுத்தைக் கவ்வி வீட்டுக்குள் தள்ளி வாசலைச் சருகால் மூடினாள்.

மறுநாள் மாலை அவள் துண்டை வீசவில்லை. துண்டுக்குள் சுருண்டு படுத்தாள். கீரியைக் கூப்பிட்டுத் தன்னைத் தூக்கி வீசச் சொன்னாள்.

பொங்கியண்ணன் அந்தத் துண்டைப் பார்த்தார். ஓரத்தில் மெல்லிய குளம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவரும் குடும்பஸ்தர். ஒரு துண்டு எவ்வளவு கனம் இருக்கலாம் என்று உத்தரவில் எங்கும் எழுதியிருக்கவில்லை. குளம்பை அலகால் உள்ளே தள்ளிவிட்டு இரண்டு விசில் கொடுத்தார்.

பிறகு எல்லோரும் துண்டானார்கள். பலகை முழுவதும் துண்டுகள் மூச்சு விட்டுக்கொண்டு போயின. ஒரு துண்டுக்குத் தும்மல் வந்தால் பக்கத்துத் துண்டு வாயைப் பொத்தியது. எச்சில் இல்லை, சண்டை இல்லை, புகார் இல்லை. சிறந்த தடத்துக்கான கேடயத்தை அந்த வருஷம் பள்ளக்காட்டு மாலை வண்டிக்கே கொடுத்தார்கள். தலைவர் சிறுத்தை அதைத் தம் குகையில் மாட்டிக்கொண்டார்.

சென்னியப்பனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. நாம் இந்தக் காட்டின் பிரஜைகள், துணிமணிகள் அல்ல என்று ஒரு கண்டனக் கூட்டம் போட்டார். கூட்ட நேரமும் வண்டி நேரமும் ஒன்றாகப் போனதால் ஒருவரும் வரவில்லை. பாவாத்தாள் பிறகு போய்ப் பார்த்தாள்.

"அண்ணா, பிரஜைன்னு சொன்னா வண்டி நிக்கறதில்லைங்க. நீங்களும் வந்துருங்க."

அவர், வருகிறேன், ஆனால் அது உள்ளிருப்புப் போராட்டமாகத்தான் கருதப்பட வேண்டும் என்றார். எந்தத் துண்டும் அவர் முள்ளுக்குத் தாங்கவில்லை. சங்கத்து ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்துத் தலைவர் சிறுத்தை ஆய்வுக்கு வந்துவிட்டார். பல நாளாகப் பாதையில் நடைப்பயிற்சிக்கு ஒருவரும் வருவதில்லை. அவருக்கு உடம்பு இளைத்திருந்தது. கேடயம் வாங்கிய வண்டியில் தாமும் ஒருமுறை போய், பள்ளக்காட்டார் எல்லோரும் சௌக்கியம்தானா என்று அவரவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வர நினைத்தார். மந்தி மேலே கிளையில் கூடவே வந்தார்.

தலைவர் பலகையில் ஏறினார். சாதாரணத் துண்டுகளோடு உட்கார அவருக்கு மனமில்லை. நடுவில், பாவாத்தாளின் ஈரிழைத் துண்டுக்குப் பக்கத்தில், பட்டை போட்ட ஜமுக்காளம் ஒன்று புஷ்டியாக இருந்தது.

"ஐயா, அதுல ஆள் இருக்குதுங்க," என்றார் பொங்கியண்ணன்.

தலைவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. ஜமுக்காளம் பேசவில்லை, துண்டுகள் பேசவில்லை. தலைவருடைய கண்கள் இரண்டும் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே போயின. அந்த ஒரு கணத்தில் அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். பாவாத்தாளின் துண்டிலிருந்து வெளியே தெரிந்த காது நுனியைக்கூடப் பார்த்துவிட்டார். ஆனால் வாய் திறந்தால் உத்தரவு பொய், அதில் போட்ட கையெழுத்து பொய், குகையில் தொங்கும் கேடயமும் பொய்.

"இருக்கை சௌகரியமா இருக்குங்களா, ஐயா?" என்று மேலிருந்து மந்தி கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் தலைவர். குரல் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது. பிறகு, பயணிகளோடு பயணியாக நின்றுகொண்டே வர விரும்புவதாகச் சொல்லி எழுந்தார். ஜமுக்காளமும் பாதி அவரோடு எழுந்து வந்தது. பள்ளக்காடு வரைக்கும் யானை அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அவர் மெல்ல முனகினார். வண்டி நின்றதும் யார் வீட்டையும் விசாரிக்கவில்லை. கால்களை அகட்டி வைத்து ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் குப்புறப் படுத்திருந்தார். படுத்தபடியே ஓர் உத்தரவு போட்டார். பள்ளக்காட்டு மாலை வண்டியின் துண்டுகள் தனி ரகம் என்றும், அவற்றைத் தவிர வேறு யாரும், ஆய்வுக்காகக்கூட, அதில் ஏறக்கூடாது என்றும், வண்டியை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்றும் அதில் இருந்தது. நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

சென்னியப்பன் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஜமுக்காளத்தில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார். பாவாத்தாள் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பொங்கியண்ணன் வேர்ப்பொந்துக்கு நேராக வண்டியை நிறுத்தி அவளை மெல்ல உருட்டிவிடுவார். துண்டின் எந்த முனையைப் பிடித்து இழுத்தால் அம்மா வருவாள் என்று குட்டிகள் பழகிவிட்டன.

நீதி: வண்டி வேண்டும் என்றால் பொதுமக்களாக இருப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். அது முடியாதவர்கள் முள் வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு மனு தேவையில்லை.