ஒன்பது நாடுகளின் வரைபடம்

இருக்கிற ஊர்களையெல்லாம் யாரோ எப்போதோ கட்டி முடித்துவிட்டபடியால், அறிவுள்ளவர்கள் செய்வதற்கு மிச்சமிருக்கும் ஒரே பெரிய காரியம் இல்லாத ஊர்களைக் கட்டுவதுதான். அந்த மகத்தான பணிக்கு அவள் பதினோரு ஆண்டுகளைக் கொடுத்திருந்தாள். ஒன்பது நாடுகள், நான்கு மொழிகள், மூன்று நிலவுகள், ஆயிரத்து நூறு பக்கங்கள். மூன்று நிலவும் எந்த நாளில் சேர்ந்து உதிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்பதுதான் தெரியாது. அதை அக்கா பார்த்துக்கொண்டாள்.

இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா கட்டட வரைவாளர். பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யார் யாருடைய வீடுகளுக்கோ வரைபடம் போடுவாள். வந்து சமைப்பாள். தங்கை 'படைப்பில்' இருப்பாள்.

நாவலை ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. ஏழாவதுதான் கடைசி, அதற்குமேல் பதிப்பகங்களே இல்லை. அங்கே 'காவிய மிகுபுனைவு வரிசை' என்று ஃபேன்டஸி நாவல்களுக்கே ஒரு வரிசை தொடங்கப் போகிறார்களாம். அவளுடைய நாவல் அந்த வகையைச் சேர்ந்ததுதானா என்று தீர்மானிக்க 'இலக்கண நிர்ணயக் குழு' கூடியது. குழு என்பது பதிப்பாளர், பதிப்பாசிரியர், விற்பனை மேலாளர், ஒரு தட்டு பிஸ்கட்.

"மொதல் விதி, தனி உலகம் வேணும்" என்றார் பதிப்பாசிரியர். "நிஜத்துல எங்கயும் இருக்கக் கூடாது."

"இருக்கு சார். அதாவது, எங்கயும் இல்ல."

"உலகமே அழியற மாதிரி ஒரு ஆபத்து?"

"முந்நூறாவது பக்கத்துலேருந்து அழிஞ்சுக்கிட்டே இருக்கு."

"மந்திரத்துக்கு ஒரு விலை இருக்கணும்."

"விலைய நான் போட்டுக்கறேன்" என்றார் விற்பனை மேலாளர். பிறகு நாவலின் காகிதக் கட்டை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். "எடை தேறும். ரயில்ல தலைக்கு வெச்சுக்கலாம்."

குறைகள் இரண்டுதான். வரைபடம் இல்லை. தீமையின் பேரரசன் இல்லை.

"என் நாவல்ல தீமைங்கறது ஒரு ஆள் இல்ல சார், ஒரு சூழல்" என்றாள் அவள்.

"சூழல அட்டையில போட முடியாதுங்க மேடம்" என்றார் விற்பனை மேலாளர் வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் கொண்டுவருமாறு தீர்மானம் நிறைவேறியது. பிஸ்கட்டும் தீர்ந்தது.

"அக்கா, தீமையோட பேரரசன்னு ஒரு ஆளும் ஒரு மேப்பும் கேக்கறாங்க. ஆள நான் பாத்துக்கறேன், மேப் போட்டுத் தர்றியா? கற்பனை மேப்தான். சும்மா கை போன போக்குல."

"கை போன போக்கெல்லாம் எனக்கு வராதுடி. முழுசாப் படிச்சாத்தான் போடுவேன்."

பதினோரு ஆண்டுகளில் அக்காவிடம் அவள் ஒரு பக்கம்கூடக் காட்டியதில்லை. அக்காவுக்கு ஏது நேரம் என்ற கரிசனம். அக்கா பேருந்திலும் அடுப்படியிலும் வைத்து நான்கே நாளில் படித்து முடித்தாள். அந்த நான்கு நாளும் சாப்பாடு சற்றுத் தாமதமாக வந்தது. தங்கை பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டாள்.

"நாப்பதாயிரம் பேர் அறுநூறு பக்கத்துக்கு நடக்கறாங்களே" என்று அக்கா நடுவில் ஒருமுறை கேட்டாள். "யாரு சமைக்கறா?"

"காவியத்துல அதெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா. சாப்பாடு வந்துடும்."

"வந்துடும்" என்று அக்கா குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வரைபடம் வந்தது. மலைகளும் ஆறுகளும் அப்படியொரு நேர்த்தி. வடகிழக்கு மூலையில், அவள் உயிரைக் கொடுத்துப் படைத்த மௌன ஞானியின் கோபுரம். அதன் பக்கத்தில் அக்காவின் அச்செழுத்துப் போன்ற கையெழுத்து: 'தீமையின் பேரரசி, இருப்பிடம்.'

"அக்கா! அவ என் ஞானி! உலகத்தக் காப்பாத்தத் தவம் இருக்கறா!"

"பதினோரு வருஷமாக் கதவத் தொறக்கல. சுத்தி நாலு ஊர்ல ஒரு பாத்திரம் உருளக் கூடாது. வேளாவேளைக்கு எவளோ ஒருத்தி வாசல்ல தட்டு வெச்சுட்டுப் போறா. ஆயிரத்து நூறு பக்கத்துல அவளுக்கு ஒரு பேரு இல்ல." அக்கா பென்சிலைச் சீவினாள். "ஆள் வேணும்னு கேட்டாங்கல்ல? மொதல்லேருந்தே இருக்கா. நீதான் கவனிக்கல."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அடுப்படி மேடையில் ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. கேட்டது என்று சொல்வதுகூட மிகை. ஒரு பாத்திரத்தை இவ்வளவு மெதுவாக இறக்கி வைக்க எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாம் பாகத்துக்கு உதவும் என்று அந்த எண்ணத்தை உடனே குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழு குதூகலித்தது.

"பேரரசி! ஞானி மாதிரியே நடிக்கறா பாருங்க" என்றார் பதிப்பாளர். "எழுதினவங்களுக்கே தெரியாத மாதிரி ஒளிச்சு வெச்சிருக்கீங்க மேடம்."

"அட்டையில கதவு சாத்தின கோபுரம். முடிஞ்சுது வேலை" என்றார் விற்பனை மேலாளர்.

பதிப்பாசிரியர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தின் கீழ் மூலைக்குக் குனிந்தார். அங்கே, தான் போடும் எல்லா வரைபடத்திலும் எழுதுவதுபோல, அக்கா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'கோபுர வாசலுக்கும் தட்டு வைப்பவளின் இடத்துக்கும் நடுவே பதினான்கு அடி. உள்ளது உள்ளபடி, நேரில் அளந்து வரைந்தது.'

"நேர்லயா?" அவர் முகம் இருண்டது. "இது எங்கயாவது இருக்கற எடமா மேடம்? மொதல் விதியே அடிபடுதே. இருந்துச்சுன்னா இது குடும்ப நாவல் ஆயிடும்."

"குடும்ப நாவல் போன வருஷமே படுத்துடுச்சு" என்று விற்பனை மேலாளர் கட்டை அவள் பக்கமாகத் தள்ளினார்.

பதினோரு ஆண்டுகளும் ஆறு பதிப்பகங்களும் அவள் கண்முன் வந்து நின்றன. வீட்டில் அவள் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள அந்தப் பதினான்கு அடியும் வந்தது. கொஞ்ச நேரம் நின்றது.

"எங்கயும் இல்லன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்துடுங்க, போதும்" என்றார் பதிப்பாளர்.

அவள் அழிப்பானைக் கேட்டு வாங்கினாள். அக்காவின் குறிப்பைத் தன் கையாலேயே, தூள்கூட மிஞ்சாமல் அழித்தாள். பிறகு எழுதினாள்: 'இந்த உலகம் முற்றிலும் கற்பனை. இந்தக் கோபுரத்தில் இருப்பவளைப் போல் எவரும் எங்கும் இல்லை.' கையெழுத்தும் போட்டாள்.

இது அப்பழுக்கற்ற காவிய மிகுபுனைவே என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தில் குற்றம் காண முடியாது. பதினோரு ஆண்டு உழைப்பில், முழுக்க முழுக்கக் கற்பனையாக அவள் எழுதியவை அந்த இரண்டு வரிகள்தான்.