துருவுக்கு மரியாதை

பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்த ஹார்லனுக்குப் பகீரென்றது. கரண்டிக் கூடைக்குப் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்த ரிவால்வர் புது ஸ்பூன் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது.

“டொனீட்டா, இந்த மெஷின் ரிப்பேர்ல இல்ல இருந்தது?”

“காலையில ஆள் வந்து சரி பண்ணிட்டான்,” என்றாள் மனைவி கூடத்திலிருந்து. “நீ பண்றேன் பண்றேன்னு சொல்லியே பனிக்காலம் முடிஞ்சு போச்சு. சோப்பு போட்டு ஓட்டிப் பாத்தான். உள்ள ஏதோ கடகடங்குதுன்னான். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

கூரை ஒழுகல் நிற்கும் வரை இன்னொரு துப்பாக்கி வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது டொனீட்டாவின் உத்தரவு. அதனால்தான் ஓடாத மெஷினுக்குள் ஒளித்தான். குண்டில்லாத வெறும் துப்பாக்கிதான். ஆனால் நாற்பத்தைந்து காலிபர், சுத்தியல் கனம், குழலில் சுண்டுவிரல் நுழையும். பழைய துப்பாக்கி விற்றுவந்த கணவர் இறந்த பிறகு, இமோஜீன் அம்மாள் மிச்சச் சாமான்களை விற்றபோது வாங்கியது. அன்றைக்கு அது பழந்துரு ஏறி முழுக்கப் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்புதான் அதன் உயிரே.

பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் கொலையைக்கூட மன்னிப்பார்கள், துருவைத் துடைத்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஹார்லன் ஏற்கெனவே ஒரு தடவை துடைத்தவன். சங்கத்தில் சேர்ந்த புதிதில், தன் முதல் ரிவால்வரை முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு எடுத்துப் போனான். அன்றிலிருந்து வயோமிங் மாநிலத்தின் அந்த மூலையில் அவன் பெயர் ‘சோப்பு’. வைத்தவர் சங்கத் தலைவர் வென்டல். பாவம், ஹார்லனுக்கு அது இன்றும் உறுத்தும்.

சொல்லி வைத்தாற்போல் வென்டலே போனில் வந்தார்.

“என்ன சோப்பு, சனிக்கிழமை கண்காட்சிக்கு உன் பொக்கிஷம் வருதுல்ல? மேடையில வெச்சு நானே பாக்கறேன். இந்தத் தடவை குளிப்பாட்டாம கொண்டு வா.”

“அதெப்படிங்க குளிப்பாட்டுவேன்,” என்றான் ஹார்லன், ரிவால்வரிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தபடி.

போன துருவைத் திரும்ப வரவழைக்கக் கடுகுச் சாந்து தடவலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். ஹாட் டாக்குக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கடுகு பாட்டிலைப் பிதுக்கித் தடவினான். உட்கார முடியவில்லை. நடந்தான், தொட்டுப் பார்த்தான், மறுபடி நடந்தான். துடைத்தபோது துப்பாக்கிக்கு அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

புள்ளியை மறைக்க வினிகரில் ஊறப் போட்டான். பரங்கிப்பழ நிறத்தில் பளிச்சென்று புதுத் துரு ஏறியது. அதை மங்க வைக்கத் தோட்டத்து ஈர மண்ணில் புதைத்தான். அவன் வீட்டு நாய் அதைத் தோண்டி, மரக் கைப்பிடியை எலும்பென்று நினைத்து ஆசை தீரக் கடித்து, டொனீட்டாவின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது.

“இது என்ன ஹார்லன்?”

“அது ரொம்ப நாளா நம்ம வீட்லயே இருக்கறதுதானே.”

“கடுகு வாசனை அடிக்குது.”

ஹார்லன் எல்லாவற்றையும் கக்கினான். டொனீட்டா கூரையைப் பார்த்தாள், பிறகு துப்பாக்கியைப் பார்த்தாள்.

“நூறு வருஷத் துரு ஒரு தடவை சோப்பு போட்டா போயிருமா? என் வாணலியில போன வாரம் புடிச்ச துருவே போக மாட்டேங்குது.”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியாமலே இருக்கட்டும். திங்கக்கிழமை நீ கூரை மேல இருக்கணும்.”

பல் தடத்தின் மேல் ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தான். கண்காட்சிக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் வென்டலின் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வரிசையாகப் பழுப்பேறிய ரிவால்வர்கள், எல்லாம் இமோஜீனின் கணவரிடம் வாங்கியவை. வென்டல் அவற்றைச் சொந்தப் பிள்ளைகளைவிடப் பெருமையாகக் காட்டுவார்.

வென்டல் லென்ஸை வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். பாலிஷ் விரலில் ஒட்டியது.

“இது என்ன, பல் தடமா?”

“அந்தக் காலத்து ஓநாயா இருக்கும்,” என்றான் ஹார்லன்.

கூடமே சிரித்தது. வென்டல் மைக்கை எடுத்தார். “நண்பர்களே, நம்ம சோப்பு இப்ப சமையலுக்கும் இறங்கிட்டான். இதுல கடுகு மணக்குது. பொய்த் துரு பூசறவனுக்கு நம்ம சங்கத்துல இடமில்ல. சங்க அட்டையைக் குடுத்துட்டுக் கெளம்பு.”

ஹார்லனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. சனிக்கிழமையானால் போக அவனுக்கு வேறு இடம் கிடையாது. கடைசி முயற்சியாக, ஓரத்தில் ஆப்பிள் பை விற்றுக்கொண்டிருந்த இமோஜீன் அம்மாளைக் கை காட்டினான்.

“அவங்ககிட்டதான் வாங்கினேன். வாங்கறப்ப நல்ல பழுப்பா இருந்துச்சு. அவங்களையே கேளுங்க.”

இமோஜீன் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“இமோஜீனம்மா, நீங்களே சொல்லுங்க,” என்று மைக்கை நீட்டினார் வென்டல். “இது சுத்தமாக் கெட்டுப் போச்சா இல்லையா?”

“கெட்டுத்தான் போச்சு,” என்றாள். ஹார்லன் சட்டைப்பையிலிருந்து சங்க அட்டையை எடுத்தான்.

இமோஜீன் அம்மாள் பரிவோடு அவன் தோளைத் தட்டினாள்.

“வெறுங் கடுகு மட்டும் தடவினா இப்படித்தான் மணக்கும் கண்ணு. எங்க வீட்டுக்காரர் காப்பித்தூளும் சேத்துப் பெசைஞ்சுதான் தடவுவாரு. வேணும்னா வென்டல் தம்பி பெட்டியில இருக்கறதையெல்லாம் மோந்து பாரு, ஒண்ணுலயாவது வாசனை வருதான்னு.”