மலைத்தோளன் தூக்கிய கார்

அந்த ஊருக்கு ஒரு மாவீரன் கிடைத்துவிட்டான்! பெயர் மலைத்தோளன். பெற்றவர்கள் வைத்த பெயரா என்று கேட்காதீர்கள், அவருடைய பக்தர்கள் அடிக்க வருவார்கள். நீல உடுப்பு, மஞ்சள் பூட்ஸ், முதுகில் ஏதோ ஒரு படுக்கை விரிப்பு. மேடையில் நிற்கும் காரை அப்படியே தலைக்கு மேலே தூக்குவார். கூட்டம் "ஓ!" என்று அலறும்.

தூக்கியது ஒரு கார்தான். அதற்குள் கதை எங்கெங்கோ போய்விட்டது. கவிழ்ந்த ரயிலை நிமிர்த்தினாராம். இடியைக் கையால் பிடித்தாராம். பார்த்தவர் யார்? பார்த்தவரைப் பார்த்தவர்!

கூடவே சிவப்பு நாடா வியாபாரம். "கையில் கட்டினால் என் பலத்தில் ஒரு பங்கு உங்களுக்கு!" என்றார். வியாபாரம் என்று சொன்னால் கோபம் வரும். நன்கொடையாம். கொடுக்காதவனுக்கு நாடா இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பல் டாக்டரம்மாவின் கணவர் பத்திர ஆபீஸ் எழுத்தர். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாடா சுற்றியிருந்தார்.

"ஏங்க, கார்ல பிரேக் சரியாப் பிடிக்கல. மெக்கானிக்கிட்ட விடுங்க."

"பிரேக் எதுக்கும்மா? மலைத்தோளர் வந்து நிறுத்திடுவாரு."

"அவர் வர்றதுக்குள்ள சுவர் வந்துடுமே! சரி, இந்தத் தண்ணி கேனையாவது தூக்கி வைங்க."

கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நாடா பொதுக்காரியத்துக்கு மட்டுந்தான் வேலை செய்யும்."

இதுவரை சிரிப்புத்தான். ஆனால் நகராட்சித் தலைவர் ஒரு அறிவிப்பு விட்டார்: மாவீரர் இருக்கும் ஊருக்குத் தீயணைப்பு நிலையம் தேவையில்லை, இழுத்து மூடி அவரிடமே சாவியைக் கொடுக்கப்போகிறோம்! டாக்டரம்மாவுக்கு இது சிரிப்பாக இல்லை. போன வருஷம் அவள் கிளினிக்கில் ஒயர் பற்றிக்கொண்டபோது, நாற்காலியில் வாயைத் திறந்தபடி மயக்கத்தில் கிடந்த நோயாளியோடு அவளையும் வெளியே கொண்டுவந்தவர்கள் அந்த நிலையத்து ஆட்கள்தான்.

சாவி கொடுக்கும் நாள். தீயணைப்பு நிலைய முற்றத்திலேயே மேடை. மலைத்தோளன் காரைத் தூக்கினார், இறக்கினார். விசில் காதைப் பிளந்தது. டாக்டரம்மா முன்னே போய் நின்றாள்.

"ஐயா, நாடா கட்டினா உங்க பலம் வரும்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் கை முழுக்கக் கட்டியிருக்காரு. அவரும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டுமே?"

மலைத்தோளன் ஒரு நொடி யோசித்தார். வேண்டாமென்றால் நாடா பொய். தூக்கிவிட்டாலோ, நாடா விற்றுத் தீரும்! பேராசை ஜெயித்தது. "வரட்டும்!" என்றார்.

கணவர் நாடாவைத் தொட்டுக் கும்பிட்டுக் குனிந்தார். கண்ணை மூடினார். கார் மேலே போயிற்று!

கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்தது. நாலு பேர் எழுத்தரின் காலில் விழுந்தார்கள். ஒருவர் தன் மூட்டு வலியைத் தடவிவிடச் சொன்னார். கணவர் தலைக்கு மேலே காரோடு, "பாத்தியாடி! பாத்தியாடி!" என்று மேடையைச் சுற்றி ஆடினார்.

"பாத்தேங்க. இப்ப என்கிட்ட கொடுங்க."

"உன் கையில நாடா இல்லையே!"

"அதனாலதான் கேக்கறேன்."

வாங்கினாள். ஒரு கையில் கைப்பை, மறு கையில் கார். அவள் விரலால் தட்டினாள். தெர்மகோல் பலகை பொக்கென்று உடைந்து, உள்ளே மூங்கில் பல்லிளித்தது.

"தலைவர் வந்த கார் அதோ நிக்குது. இவர் அதைத் தூக்கினா நானே சாவியைக் கொடுக்கறேன்."

மாவீரருக்கு வியர்த்தது. "எ... எனக்கு மேலே அவசர வேலை!" என்று கத்திக்கொண்டே முற்றத்திலிருந்த தீயணைப்புப் பயிற்சி ஏணியில் தாவி ஏறினார். பறக்கப்போகிறார் என்று இன்னும் சிலர் கைகூப்பினார்கள், பாவிகள்! பாதியில் விரிப்பு கொக்கியில் மாட்டியது. கீழே பார்த்தார். "ஐயோ, அம்மா! யாராவது இறக்கி விடுங்க!"

தீயணைப்புக்காரர்கள் ஏறினார்கள். "கீழ பார்க்காதீங்க சார், எங்க தோளைப் பிடிச்சுக்குங்க." குழந்தையைப் போலத் தூக்கிவந்து, பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் கையில் ஒப்படைத்தார்கள். தலைவர் சாவியைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கணவர் நாடாவை அவிழ்த்தபடி முனகினார். "ஒருவேளை நிஜமாவே பலம் இருந்திருந்தா?"

"அப்பத்தாங்க இன்னும் பயப்படணும். தீயணைப்பு வண்டி வரலேன்னா சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம். மலையைத் தூக்கறவன் வரலேன்னா, எவன் போய்க் கேக்கறது?"

கூட்டத்தில் ஒருவர் அழாத குறையாக வந்தார். "டாக்டரம்மா, இனிமே நாங்க யாரை நம்பறது?"

"பாரம் தூக்க ஆள் வெச்சுக்கலாம் ஐயா, தப்பில்ல. யோசிக்கறதுக்குமா ஆள் வைப்பீங்க?"